கமராவைப் பார்க்காதீர்கள்

பேர்பெற்ற கிரேக்க இயக்குநர் ஒருவர் மனோர் பார்க் மண்டபம் ஒன்றில் ஒரு கலியாணக் காட்சி எடுக்கப் போகிறார், அதற்கு நூறு தமிழர் தேவை என்று கேள்விப்பட்டதும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவருடைய படம் ஒன்றையும் நான் விட்டதில்லை. ஒரு துறைமுக ஊரில் கலியாணப் படம் பிடித்துத் தொடங்கியவர். இராணுவ ஆட்சிக்குத் தப்பி வெளியேறியவர். எண்பது வயதிலும் வெட்டே இல்லாமல் பத்து நிமிட ஷாட் எடுக்கிறவர். நானோ வால்தம்ஸ்டோவில் கலியாண வீடியோக்காரன். ஆள் சேர்க்கிற வேலையை வலியப் போய் வாங்கிக்கொண்டேன்.

காட்சி இதுதான். மகளைத் தேடிவரும் ஒரு கிழவர் மண்டபம் மாறி எங்கள் கலியாணத்துக்குள் நுழைந்து, சனத்துக்கு நடுவே மேடைவரை நடக்க வேண்டும். கமரா அவருக்குப் பின்னாலேயே போகும். அதை ஒருவரும் பார்க்கக் கூடாது.

எல்லோரும் பார்த்தார்கள். கமரா கிட்ட வந்ததும் கதைப்பதை நிறுத்தி, நிமிர்ந்து, சேலையைச் சரிசெய்து, அது தாண்டிப் போகும்வரை சிரித்தபடி அசையாமல் இருந்தார்கள். முப்பது வருடமாக "இஞ்ச பாருங்கோ, இஞ்ச பாருங்கோ" என்று கத்தி அவர்களை அப்படிப் பழக்கிய பாவி நானேதான்!

நான்கு முறை எடுத்தாயிற்று. ஐந்து மணிக்கு மண்டபத்தை விட வேண்டும். இந்தக் காட்சியே படத்தில் வேண்டாம் என்றார் இயக்குநர். முன்வரிசை அக்கா ஒருவரிடம் போய்க் கெஞ்சினேன்.

"கமரா வந்தால் பாக்காமல் இருக்கேலுமே தம்பி? மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு இருந்தவள் எண்டெல்லோ பிறகு சனம் கதைக்கும்."

பொறி தட்டியது. காருக்கு ஓடி என் வீடியோ கமராவையும் பெரிய லைற்றையும் தூக்கிவந்தேன்.

"நான் மேடையில நிண்டு எடுக்கிறன். என்னை மட்டும் பாருங்கோ!"

இயக்குநர் வாய்விட்டுச் சிரித்தார். தன் ஊர்க் கலியாணங்களிலும் இதே கதைதான், அங்கே லைற் பிடித்தவன் தானேதான் என்றார்.

லைற்றைப் போட்டேன். மண்டபமே என் பக்கம் திரும்பிச் சிரித்தது. அத்தனை சிரிப்புக்கு நடுவே கிழவர் தன்னந்தனியாக நடந்தார். ஒருவரும் அவரைப் பார்க்கவில்லை. கடைசியில் அவர் மேடையடிக்கு வந்து நின்றார். அவர் தோளுக்கு மேலால் பெரிய கமரா என்னை நோக்கியது.

நான் என்ன செய்தேன்? நிமிர்ந்து, சட்டைக் கொலரைச் சரிசெய்து, அதைப் பார்த்துப் பல்லைக் காட்டினேன்.

வெட்டே இல்லாத ஷாட். என்னை வெட்டவும் முடியாது. மன்னிப்புக் கேட்கப் போனால் இயக்குநர் என் இரண்டு கன்னத்தையும் பிடித்து முத்தமிட்டார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

போன மாதம் ஸ்ட்ரெதம் தியேட்டரில் அந்தப் படத்தைப் பார்த்தபோதுதான் விளங்கியது. கதிரையை விட்டு எழும்பியே விட்டேன். திரையில் நான் கமராவைப் பார்க்கவில்லை. அந்தக் கிழவரைப் பார்த்துச் சிரிக்கிறேன். அந்த மண்டபத்தில் அவரைக் கண்ட ஒரே ஆள் நான்தான்.