மடியில் வைத்த கை

நளீபா ஒரு கனவுக்காரி. ஸ்கூட்டியில் சண்டிலிப்பாய்க்குப் புறப்பட்டால் திரும்ப வேண்டிய சந்தியைத் தாண்டிப் போய்த்தான் திரும்பி வருவாள். கேட்டால், "வெங்காயப் பாத்திக்குத் தண்ணி பாயிறதைப் பாத்துக்கொண்டு போயிட்டன்" என்பாள். நல்லூரில் ஓட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கான நிலையமொன்றில் அவளும் நானும் ஒன்றாக வேலை செய்கிறோம். பிள்ளையின் நடத்தையைக் கவனித்து, எண்ணி எழுதி, சிறிது சிறிதாக மாற்றுகிற வேலை. ஊரில் பாதிப்பேருக்கு அது விளங்காது. மீதிப்பேர் "கதைக்க வைப்பியளோ?" என்று மட்டும் கேட்பார்கள்.

புத்தளத்தில் பிறந்தவள். தொண்ணூறில் மற்ற முஸ்லிம்களோடு யாழ்ப்பாணத்திலிருந்து துரத்தப்பட்ட பெற்றோர் திரும்பி வந்தபோது அவளும் கூடவே வந்தாள். இந்தத் தொழிலுக்குச் சான்றிதழ் எடுப்பதென்றால் ஒரு மேற்பார்வையாளரின் கீழ் பழக வேண்டும், அவளுக்குப் பக்கத்தில் ஒருவரும் கிடைக்கவில்லை. கடைசியில் ரொறன்ரோவில் ஒரு மேற்பார்வையாளர் அகப்பட்டார். கிழமைக்கொரு தரம், விடிய சுபஹ் தொழுத கையோடு கைபேசியில் அவருடைய முகம். இரண்டு வருடம் அப்படி ஓடிற்று. இனி ஒரு பிள்ளையின் திட்டத்தை முழுதாக முடித்துக் காட்டினால் அவருடைய கையொப்பம் கிடைக்கும். அதற்காக அவள் பட்ட பாடு எனக்குத் தெரியும்.

அந்தப் பிள்ளைதான் தர்சிகா. ஆறு வயது, கதைப்பதில்லை. கைகளைத் தோளுக்கு மேலே தூக்கிப் படபடவென்று உதறுவாள். கோயிலில் சனம் பார்க்கிறதென்று தாய் கேதீஸ்வரிக்கு வெட்கம். "உந்தக் கையை மட்டும் அடக்கித் தந்தால் காணும், மிஸ்" என்றாள். ரொறன்ரோக்காரரும் அதையே இலக்காக எழுதிக் கொடுத்தார். கை மடியில் இருந்தால் ஒரு துண்டு பனங்கட்டி, அவ்வளவுதான் முறை. எனக்கு அப்போதே மனம் ஒப்பவில்லை. ஆனாலும் பேசாமல் இருந்துவிட்டேன், அந்த ஆத்திரம் இன்னும் என்மேலேயே இருக்கிறது.

மூன்று மாதம். சண்டிலிப்பாயில், புகையிலைத் தோட்டத்தைப் பார்த்த பிள்ளையின் வீட்டு விறாந்தையில் மத்தியானங்கள் அரை நித்திரையில் நகர்ந்தன. தண்ணீர் இறைக்கிற இயந்திரம் எங்கோ முனகும். வெயில் மெல்ல மெல்லப் பாயில் ஏறும். பிள்ளை எதையோ பார்த்துக்கொண்டிருப்பாள், நளீபாவும் அதே திசையைப் பார்த்தபடி எண்ணுவாள். நாளுக்கு நாற்பது உதறல் பத்தாகி, இரண்டாகி, இல்லாமலே போயிற்று. "நல்லது, வாற கிழமை கையொப்பம் வைக்கிறன்" என்றார் மேற்பார்வையாளர்.

அந்தக் கிழமைதான் ஒருநாள் அவள் அங்கே பின்னேரம்வரை சுணங்கிவிட்டாள். தகப்பன் வாகீசன் வேலையால் வந்து மோட்டார் சைக்கிளை நிறுத்தினான். தர்சிகா அவனைக் கண்டாள், மடியில் வைத்த கையை எடுக்காமல் இருந்தாள்.

வாகீசன் படியிலேயே நின்றுவிட்டான். "மிஸ், ஒண்டு கேக்கட்டே? முந்தியெண்டால் நான் வரேக்கை ரண்டு கையையும் அடிச்சுக்கொண்டு நிப்பாள். பிள்ளைக்கு என்னிலை கோவமோ?"

நளீபாவுக்கு அப்போதுதான் விளங்கியது. வாய் திறக்காத பிள்ளை "அப்பா வந்திட்டார்" என்று சொன்னது அந்தக் கையால்தான். அதையும் சேர்த்துத்தான் அவள் அடக்கியிருக்கிறாள்.

"இல்லை அண்ணை. பிழை என்ரை" என்றாள். பிள்ளைக்கு முன்னால் பாயில் இருந்துகொண்டு, தன் கைகளைத் தூக்கி உதறிக் காட்டினாள். "இப்பிடி, தர்சிகா. அப்பா வந்திட்டார், இப்பிடி."

தர்சிகா எழுந்து வந்தாள். நளீபாவின் இரண்டு கைகளையும் பிடித்து, மெதுவாக இறக்கி, அவளுடைய மடியிலேயே வைத்தாள். பிறகு ஒரு துண்டு பனங்கட்டி எடுத்து அவள் வாயில் வைத்தாள்.

கேதீஸ்வரி பூரித்துப் போனாள். "பாத்தியளே மிஸ், எவ்வளவு கெட்டிக்காரி."

இலக்கே பிழை என்று நளீபா தன் கைப்பட ரொறன்ரோவுக்கு எழுதி அனுப்பினாள். கையொப்பம் வரவில்லை. இப்போது நாலு மாதமாகிறது. பின்னேரங்களில் வாகீசன் படலையடியில் நின்று இரண்டு கைகளையும் தூக்கி உதறுகிறான். பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறாள்.