கைதட்டக் கூடாத இடம்

கோயில் திருவிழா நாட்களில் என் வீட்டுக்காரரைச் சாமிக்குப் பக்கத்தில் தேடிப் பயனில்லை. மேளக்காரர்களுக்கு நேர் எதிரே தேட வேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து வரும் தவில்காரர் வாரை இறுக்குவதற்கு முன்பே இவர் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பார். சாமி வீதி சுற்றிவிட்டு உள்ளே போனதுகூடத் தெரியாது. வலது கை தொடையில் தாளம் போடும். வாய்க்கும் ஓய்வில்லை. "பலே!" என்பார், "அப்பிடிப் போடுங்க!" என்பார். தவில்காரரும் அந்தச் சத்தத்துக்காகவே இவர் முகத்தைப் பார்த்துப் பார்த்து வாசிப்பார். ஒரு வருஷம் திருவிழா நேரம் இவர் காய்ச்சலில் படுத்துவிட்டார். "எங்கை அந்தத் தாளம் போடுற ஐயா? அவர் இல்லாமல் எனக்குக் கை ஓடுதில்லை" என்று அந்த மனிதர் விசாரித்தாராம். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு இவர் இன்றுவரை தலை நிமிர்ந்து நடக்கிறார்.

"வாசிக்கிறவன் முன்னால கம்முனு உட்கார்ந்திருக்கிறது பெரிய பாவம்" என்பது இவருடைய கட்சி. "நல்லா சமைச்சுப் போட்டவகிட்ட ஒரு வார்த்தை சொல்லாம கை கழுவிட்டுப் போற மாதிரி அது." இந்த ஞானம் என் குழம்பின் பக்கம் மட்டும் ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை. இவருக்குக் கண்டி மாநகரசபையில் கிளாக்கர் உத்தியோகம். நான் ஆசிரியை. வாயை மூடு, கையைக் கட்டு என்று ஊரார் பிள்ளைகளை அடக்கியே காலம் தள்ளியவள். ஆனால் வீட்டில் இருந்த ஒருவரை அடக்க எனக்குத் துப்பில்லை.

எங்களுக்கு ஒரே மகள். பள்ளிக்கூடத்தில் வயலின் பழகினாள். அது நம்முடைய உட்கார்ந்து வாசிக்கிற வயலின் இல்லை, தாடைக்குக் கீழே கொடுத்து நின்றபடி வாசிக்கிற மேல்நாட்டு வயலின். "நின்னுக்கிட்டேயா? கால் வலிக்காதா சாமி?" என்று கேட்டார் இவர். அவ்வளவுதான், மற்றபடி வெகு சந்தோஷம்.

பள்ளிக்கூடத்தில் ஒரு நாள் மாலை இசை நிகழ்ச்சி வைத்தார்கள். மகளுக்கு அப்போது பதின்மூன்று வயதிருக்கும். வெள்ளைச் சட்டையும் ரிப்பனுமாக மேடையில் வந்து நின்று வாசித்தாள். நன்றாகத்தான் வாசித்தாள். நடுவில் ஓரிடத்தில் வயலினும் கூட வாசித்த பியானோவும் சேர்ந்து ஒரு மூச்சு நேரம் நிற்கும். சபையே அசையாமல் இருந்த அந்த நேரம் பார்த்து, தொடையில் பளாரென்று ஒரு தட்டுத் தட்டி, "பலே!" என்றார் இவர்.

மண்டபமே சிரித்தது. கெட்ட எண்ணத்தில் யாரும் சிரிக்கவில்லை, ஆனாலும் சிரிப்புச் சிரிப்புத்தானே. மகளுடைய வில் நழுவியது. விட்ட இடம் பிடிபடாமல் முதலிலிருந்து தொடங்கினாள். அதே இடம் வந்ததும் மறுபடி நின்றாள். பிறகு வயலினை இறக்கிக்கொண்டு திரைக்குப் பின்னால் ஓடிப்போனாள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து, "இனி நான் வாசிக்கிற எடத்துக்கு அப்பா வரக் கூடாது" என்று என்னிடம்தான் சொன்னாள். அடுத்த அறையில் இருந்த இவருக்கு அது கேட்டுவிட்டது.

அதற்குப் பிறகு எந்த நிகழ்ச்சியையும் இவரிடம் யாரும் சொல்லவில்லை. இவரும் கேட்கவில்லை. மகள் அறையைச் சாத்திக்கொண்டு பழகும்போது கதவுக்கு வெளியே பேப்பரும் கையுமாக நிற்பார். பேப்பர் ஒரு பக்கமும் திரும்பாது. விரல் மட்டும் கதவு நிலையில் சத்தமில்லாமல் தாளம் போடும். எத்தனையோ விஷயத்தில் எனக்கு இவர்மேல் கோபம் வந்திருக்கிறது. ஆனால் பெற்ற பிள்ளை வாசிப்பதைக் கள்ளன் மாதிரி மறைந்து நின்று கேட்கிற இந்த மனிதனைப் பார்த்தால் அந்தக் கோபமெல்லாம் போய்விடும். இரண்டு பேரிடமும் பேசிப் பார்த்தேன். இரண்டும் ஒரே பிடிவாதம்.

மகள் படித்து முடித்துக் கொழும்பில் வேலைக்குப் போனாள். அங்கே ஓர் இசைக்குழுவில் சேர்ந்தாள். பத்து வயலின், பெரிய வயலின், அதைவிடப் பெரிய வயலின், குழல், கொம்பு, முரசு என்று ஒரு பட்டாளமே உட்கார்ந்து வாசிக்கிற குழு. அந்தக் குழு கண்டிக்கு வரப்போகிற செய்தியைச் சொல்ல ஒரு நாள் டெலிபோன் எடுத்தாள்.

"அம்மா, ரெண்டு டிக்கெட் அனுப்புறேன்."

"ரெண்டாவது யாருக்கு?"

"என்னம்மா கேள்வி? அப்பாவுக்குத்தான்."

அவளே விஷயத்தைச் சொன்னாள். கடைசியாக வாசிக்கிற பெரிய உருப்படியில் மூன்று பாகங்கள். மூன்றாவது பாகம் முடியப்போகிற சமயத்தில் மற்றவர்கள் எல்லாம் ஓய, இவள் ஒருத்தி மட்டும் வாசிக்க வேண்டும். வழக்கமாக அதை வாசிக்கிறவர் வெளிநாடு போய்விட்டதால் இவளுக்கு வந்த வாய்ப்பு.

"அதுல ஒரு நிறுத்தம் இருக்கும்மா. அன்னைக்கு ஸ்கூல்ல வந்த மாதிரியே. அதை நெனைச்சாலே கை வேர்க்குது. அப்பா கேக்கணும்னு எனக்கு ஆசையா இருக்கு. ஆனா அந்த எடத்துல அப்பா வாயைத் தொறந்தா நான் தொலைஞ்சேன்."

"நான் பாத்துக்கிறேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். எப்படிப் பார்த்துக்கொள்வது என்று அப்போது எனக்கே தெரியாது.

அவள் சொன்ன சட்டங்களை இவரிடம் ஒப்புவித்தேன். தாளம் கூடாது. வாய் கூடாது. ஒரு பாகத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவில் கைதட்டவும் கூடாது. முழுவதும் முடிந்து, குச்சியை ஆட்டிக் குழுவை நடத்துகிறவர் சபையைப் பார்த்துத் திரும்பிய பிறகுதான் தட்டலாம். இவர் எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். "சாவு வீட்டுலகூட இதைவிடச் சத்தமா இருக்கலாம் போல" என்று மட்டும் சொன்னார். பிறகு உள்ளே போய், கல்யாணங்களுக்குப் போடுகிற சட்டையை எடுத்துத் தானே அயன் பண்ணத் தொடங்கினார். நிகழ்ச்சிக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது.

குளத்துக்கு மேலே மேட்டில் இருக்கிற ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் நிகழ்ச்சி. திரீவீலரில் ஏறிப் போனோம். வழியெல்லாம் இவர் வாயே திறக்கவில்லை, இப்போதிருந்தே பழகுகிறாராம். எங்கள் கதிரைகளுக்குப் பக்கத்தில் ஒசரிச் சேலை கட்டிய, நரைத்த கொண்டை போட்ட ஒரு சிங்கள அம்மா இருந்தார். ஆட்கள் மேடைக்கு வந்தார்கள். மகள் கறுப்புச் சேலையில் வயலின் வரிசையில் உட்கார்ந்தாள். குழல்காரர் ஒருவர் ஒரு சுரத்தை நீட்டிப் பிடிக்க, மற்றவர்கள் எல்லாம் அதோடு சேர்த்துக்கொண்டார்கள். "சுருதி பாக்கிறாங்க. பரவாயில்ல, ஒழுங்கான ஆளுங்கதான்" என்று என் காதில் சொன்னார். நடத்துகிறவர் வந்து வணங்கிவிட்டு, சபைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். அது இவருக்குப் பிடிக்கவில்லை. அவர் குச்சியை ஆட்டத் தொடங்கியதும் இன்னும் பிடிக்கவில்லை.

"அந்தாளு மட்டும் தாளம் போடலாமா?"

"அவரு சம்பளத்துக்குப் போடுறாரு. கம்முனு இருங்க."

முதல் உருப்படி வேகமானது. கொஞ்ச நேரம்தான் சென்றிருக்கும், என் பக்கத்தில் தட் தட் என்று கேட்டது. குனிந்து பார்த்தால் வலது கை தன் வேலையைத் தொடங்கிவிட்டிருந்தது. அது கை செய்கிற வேலை, அவருக்கே தெரியாது. முன்வரிசையில் ஒரு தலை திரும்பியது. எனக்கு வேறு வழி தோன்றவில்லை. அந்தக் கையை எட்டிப் பிடித்து, என் மடிக்கு இழுத்து, இரண்டு கையாலும் பொத்தி வைத்துக்கொண்டேன்.

கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் நாலு பேர் முன்னால் நாங்கள் கை பிடித்துக்கொண்டது அதுவே முதல் தடவை. குளக்கரையில் நடக்கும்போதுகூட அவர் முன்னால் போவார், நான் சந்தைப் பையோடு பின்னால் போவேன். குடைக்குள்ளே ஒளிந்திருக்கிற காதல் ஜோடிகளைப் பார்த்து முணுமுணுப்பவள் நான். இப்போது நரைத்த தலையோடு, அத்தனை பேர் மத்தியில், புருஷன் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்து அம்மா அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு, முகம் நிறைய அப்படியொரு சிரிப்புச் சிரித்தார்.

இடைவேளையில் பெட்டிஸும் தேத்தண்ணியும் கொடுத்தார்கள். அந்த அம்மா என் பக்கம் சாய்ந்து, கல்யாணமாகி எத்தனை வருஷம் என்று சிங்களத்தில் கேட்டார். சொன்னேன். தன் கணவர் தன் கையை இப்படிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்ததே இல்லை, நீ கொடுத்துவைத்தவள் என்றார். வெட்கத்தோடு ஒரு பெட்டிஸைக் கடித்தேன்.

பிறகு அந்தப் பெரிய உருப்படி. மண்டபம் இருண்டதும் இவராகவே கையை என் மடியில் கொண்டுவந்து வைத்தார். என் உள்ளங்கைக்குள்ளே தாளம் போடத் தொடங்கினார். வெளியே ஒரு பொட்டுச் சத்தம் இல்லை, எனக்குள்தான் எல்லாம். எண்ணுகிறார், வீசுகிறார், சுண்டு விரல், மோதிர விரல், நடுவிரல் என்று முறையாகப் போகிறது. முதல் பாகம் முடிந்தது. ஒருவரும் கைதட்டவில்லை. ஆனால் மண்டபமே சேர்ந்து இருமியது. "இருமலாம்போல" என்று இவரும் இரண்டு தரம் இருமினார்.

மூன்றாவது பாகம் மெதுவாகத் தொடங்கியது. அதில் நடை ஒரு சீராக இல்லை. இழுக்கிறது, தயங்குகிறது, திடீரென்று கொஞ்சம் ஓடுகிறது. உள்ளங்கையில் அவருடைய விரல் தடுமாறுவது எனக்குத் தெரிந்தது. ஓரிடத்தில் மோதிர விரல் பாதியில் நின்றுவிட்டது. தவில்காரர்களையே மிரட்டுகிற ஆளுக்குத் தாளம் விட்டுப்போய்விட்டது. அந்த நேரம் குளத்துக்கு அந்தப் பக்கம், புத்தரின் பல் இருக்கிற தலதா மாளிகையில் சாயங்காலப் பூசைக்கு மேளம் தொடங்கியது. திறந்திருந்த ஜன்னல் வழியாக மெல்லக் கேட்டது. ஆற்றில் போகிறவனுக்குக் கிளை அகப்பட்டதுபோல இவர் விரல் அதைப் பிடித்துக்கொண்டது. மேடையில் ஒன்று நடக்க, என் கையில் மாளிகை மேளம் நடந்தது. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

மற்ற வயலின்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. மகள் மட்டும் வாசித்தாள்.

எனக்குச் சங்கீதம் தெரியாது. என்ன வாசித்தாள் என்று சொல்ல என்னிடம் வார்த்தை இல்லை. மெலிதாக, நேராக, யாரிடமோ ஏதோ கேட்கிறாற்போல இருந்தது. நான் அவள் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. இவர் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நிறுத்தம் வந்தது. மண்டபத்தில் மூச்சுச் சத்தம் இல்லை. வில் அந்தரத்தில் நின்றது. இவர் உதடு பிரிந்தது. நான் கையைப் பலங்கொண்ட மட்டும் நெரித்தேன். சத்தம் ஒன்றும் வரவில்லை. மகள் வில்லை வைத்து, விட்ட இடத்திலிருந்து எடுத்துக்கொண்டு போனாள். எல்லா வயலினும் அவளோடு சேர்ந்துகொண்டன.

அப்போதுதான் கவனித்தேன், என் உள்ளங்கையில் எதுவும் அசையவில்லை. விரல் எண்ணவில்லை. மாளிகை மேளம் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருந்தது, அதற்கும் அசையவில்லை. இந்த மனிதர் கை தூக்கத்தில்கூடச் சும்மா கிடந்து நான் பார்த்ததில்லை. இப்போது தூங்கிப்போன குழந்தையின் கை மாதிரி என் கைக்குள் கிடந்தது. பார்த்தால், கன்னம் நனைந்திருந்தது. எனக்கும் பொத்துக்கொண்டு வந்தது.

இசை தேய்ந்து தேய்ந்து நின்றது. குச்சி மெல்லக் கீழே இறங்கியது. நடத்துகிறவர் திரும்பினார். மண்டபம் கையொலியில் அதிர்ந்தது, ஆட்கள் எழுந்து நின்று தட்டினார்கள். பக்கத்து அம்மா வளையல் குலுங்கத் தட்டினார். இவர் எழும்பவில்லை. என் கையையும் விடவில்லை. "என்னங்க, இப்ப தட்டலாம், தட்டுங்க" என்றேன். காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. மேடையில் எல்லோரும் எழுந்து நின்றார்கள். நின்றுகொண்டிருந்தவர்களுக்கு இடையில் மகள் கண்ணால் எங்களைத் தேடினாள். கண்டுபிடித்தாள். அவள் முகம் சுண்டிப்போவதை நான் இங்கிருந்தே பார்த்தேன்.

வெளியே விறாந்தையில் காத்திருந்தோம். அவளைப் பலர் மறித்துப் பாராட்டினார்கள். எல்லோருக்கும் தலையை ஆட்டிவிட்டு நேரே வந்து, என்னை விட்டுவிட்டு, அப்பாவுக்கு முன்னால் நின்றாள்.

"நல்லா இல்லையாப்பா?" என்றாள். குரல் உடைந்திருந்தது. "அத்தனை பேரும் எழும்பி நின்னு தட்டுனாங்க. நீங்க ரெண்டு பேரும் மட்டும் தட்டவே இல்ல. முடிஞ்சதுக்கப்புறம் தட்டலாம்னு அம்மாகிட்டச் சொல்லித்தானே விட்டேன்?"

இவர் அவளைப் பார்த்தார். பாடம் புரியாத பிள்ளை ஆசிரியரைப் பார்க்கிற பார்வை அது.

"முடிஞ்சிருச்சாம்மா?" என்றார். "எனக்கு இன்னும் முடியலையே."