கொண்டை ஊசி லைற்

அப்பாவின் வாடகைக் காரைத் திருத்தியது யார் என்று கேட்டால், சின்ன வயதில் வெகுகாலம் நான் என்னைத்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். முழுப் பொய்யும் இல்லை. கண்டுபிடிப்புகள் எல்லாம் என் வாயிலிருந்துதான் வந்தன.

போர் நடந்த, பெற்றோல் கண்ணில் காணக் கிடைக்காத பொருளாதாரத் தடைக் காலம். புத்தூரில் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சின்ன மாமிக்கு மறுநாள் காலை நல்லூரில் கலியாணம். மணப்பொம்பிளை போவது எங்கள் காரில். தங்கையான மாமிக்குச் செய்ய அப்பாவிடம் இருந்தது அந்தக் கார் ஒன்றுதான். முதல்நாள் பின்னேரம் பார்த்து, எஞ்சின் எண்ணெய்க்கான சிவப்பு லைற் பற்றிக்கொண்டு அணைய மாட்டேன் என்று நின்றது. எண்ணெய் ஓடாவிட்டால் எஞ்சின் இறுகிப்போகும்.

பெரியப்பா சால்வையை உதறிப் போட்டுத் தீர்ப்புச் சொன்னார். "மண்ணெண்ணெய் எஞ்சினைத் திண்டிட்டுது. உந்தக் காரை நம்பிப் பொம்பிளையை ஏத்தேலாது. உழவு மிசினைக் கொண்டரச் சொல்லு."

"ஓம் அண்ணை" என்றார் அப்பா. தமையன் முன்னால் அவருக்கு வேறு சொல் வராது. "கூறைச்சேலையோடை மிசின் பெட்டியிலை குந்திக்கொண்டே போறது?" என்று சின்ன மாமி உள்ளே அழத் தொடங்கினார்.

அப்போதுதான் அம்மா குசினியிலிருந்து வந்தார். மின்சாரம் இல்லாத அந்த நாட்களில் சைக்கிள் டைனமோவில் றேடியோவைப் பாடவைத்தவர் எங்கள் அம்மா! காரின் முன்பக்கச் சின்ன பல்ப் ஒன்றைக் கழற்றி, இரண்டு வயர் பூட்டி, ஒன்றின் நுனியில் தன் கொண்டை ஊசியை முறுக்கினார். ஆனால் புருஷனின் தமையனோடு நேருக்கு நேர் கதைக்கும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. இரண்டு முழம் தள்ளி நின்றவரிடம் என்னை அனுப்பினார்.

"லைற் பிடிச்சுப் பாத்திட்டு முடிவெடுப்பம் எண்டு பெரியப்பாட்டைச் சொல்லு பிள்ளை."

சொன்னேன். "பாக்கட்டும் எண்டு சொல்லு" என்றார் பெரியப்பா, மாமரத்தைப் பார்த்துக்கொண்டு.

அப்பா எஞ்சினை ஓடவிட்டார். எண்ணெயின் அமுக்கத்தை அறிந்து சொல்ல எஞ்சினில் ஒரு சின்னச் சுவிச் உண்டு; எண்ணெய் ஓடாவிட்டால் மட்டும் அது மின்சாரத்தை விட்டு லைற்றை எரியவைக்கும். இன்றைக்குச் சென்சர் என்கிறார்கள். அம்மா அதன் வயரைக் கழற்றினார். பல்ப்பின் மற்ற வயரைப் பற்றரியின் பிளஸ் பக்கம் கட்டிவிட்டு, கொண்டை ஊசியால் சுவிச்சைத் தொட்டார். பல்ப் எரியவில்லை.

"ஐயோ, எரியேல்லை!" என்று கத்திவிட்டேன். பெரியப்பா செருமினார். அம்மா சிரித்தார். "எரியாட்டில்தான் நல்லம். எண்ணெய் ஒழுங்கா ஓடுது, எஞ்சின் கல்லுப்போலை இருக்கெண்டு சொல்லு."

பிறகு கழற்றிய வயரின் நுனியைத் தொட்டார். பல்ப் பளிச்சென்று எரிந்தது. "உந்த வயர்தான் எங்கையோ தோல் உரிஞ்சு தகட்டிலை முட்டுது, அதுதான் லைற் சும்மா எரியுது எண்டு சொல்லு." அதையும் போய்ச் சொன்னேன். வயரைத் தடவிக்கொண்டே போனபோது, ஒரு தகட்டு விளிம்பில் உரசிச் செம்பு தெரிந்தது. அம்மா பழைய சைக்கிள் ரியூப்பில் ஒரு துண்டு வெட்டிச் சுற்றி, வயரைத் திரும்பப் பூட்டினார். சிவப்பு லைற் அணைந்தது. அதையும் பெருமையோடு ஓடிப்போய்ச் சொன்னேன்.

பெரியப்பா என் தலையில் கைவைத்தார். "கெட்டிக்காரி! எங்கடை வீட்டிலை இப்பிடி ஒரு ஆள் இருக்கெண்டு இவ்வளவு நாளும் தெரியாமல் போச்சு. நாளைக்கு முன்சீற்றிலை லைற் பாத்த ஆள்தான் போகவேணும். வழியிலை ஏதும் எண்டால் வேறை ஆர் பாக்கிறது?"

மறுநாள் பட்டுப்பாவாடையோடு, கொண்டை ஊசி லைற்றை மடியில் வைத்துக்கொண்டு முன்சீற்றில் நான் இருந்தேன். எனக்குத் தலை வாரிக் காரில் ஏற்றிவிட்டவர் அம்மாதான். பெரியப்பா என்னைக் கண்டதும் ஏதோ சொல்ல வாயெடுத்து, பிறகு மாமரத்தைப் பார்த்தார். அம்மா சனத்தோடு, பின்னால் உழவு மிசின் இழுத்த பெட்டியில் வந்தார். திரும்பிப் பார்க்கும்போதெல்லாம், ஊசியில்லாமல் அவிழ்ந்த கொண்டையை ஒரு கையால் பிடித்தபடி சிரித்துக்கொண்டிருந்தார். நானும் மகாராணிபோலக் கையசைத்தேன்.

அந்தச் சீற்றைப் பெரியப்பா யாருக்குக் கொடுத்தார் என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை. அம்மாவுக்கு முதல்நாளே விளங்கியிருந்தது.