‘இல்லை’ என்று நான் எழுதிய பதில்

சீனாவோடு சண்டை முடிந்திருந்த சமயம். எனக்கு இருபத்திரண்டு வயது. டில்லியில் ஒரு ராணுவ அலுவலகத்தில், இரகசியத் தந்திகளைச் சங்கேத எழுத்தாக மாற்றும் பிரிவுக்குக் குமாஸ்தாவாகத் தேர்வாகியிருந்தேன். போலீஸ் விசாரணை முடிந்ததும் உத்தரவு வரும் என்று கடிதம் சொன்னது. அதோடு ஒரு நீளமான படிவமும் இருந்தது. தீர்க்காத கடனோ கோர்ட் டிக்ரியோ உண்டா என்று அதில் ஒரு கேள்வி. ‘இல்லை’ என்று எழுதினேன்.

உண்மை என்று நம்பித்தான் எழுதினேன். அதற்கு இரண்டு வருஷம் முன்னால், குற்றாலத்தில் சீசனுக்குச் சாப்பாட்டுக் கடை போடுவதற்காக என் அக்கா புருஷன் வடகரைத் தேங்காய் வியாபாரி ஒருவரிடம் ஆயிரம் ரூபாய் கேட்டிருந்தார். வாங்கியது அத்தான், புரோநோட்டில் கையெழுத்துப் போட்டது நான்.

“என் பேர்ல கடன் இருக்குன்னு தெரிஞ்சா கடை ஏலத்துல எவனும் என்னைய நம்ப மாட்டான், மாப்ளே. சாரல் நிக்கதுக்குள்ள தீத்துருதேன்” என்றார்.

அப்பாவும் அம்மாவும் போன பிறகு நான் அந்த வீட்டில்தான் சாப்பிட்டு வளர்ந்தேன். ஏன், எதற்கு என்று கேட்கத் தோன்றவில்லை. பிறகு நான் திருநெல்வேலியில் டைப்பிஸ்டாக இருந்தபோது, “தீத்தாச்சு, நோட்டையும் கிழிச்சுப் போட்டாச்சு” என்று அத்தான் கார்டு எழுதினார். அதையும் நம்பினேன்.

டில்லி வேலையை நம்பி டைப்பிஸ்ட் வேலையை விட்டுவிட்டு அக்கா வீட்டில் காத்திருந்தேன். மூன்று மாதமாகியும் உத்தரவு வரவில்லை. தென்காசி போலீஸ் ஸ்டேஷனுக்கே போனேன். விசாரணைக்கு வந்திருந்த ஏட்டு வெளியே மரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

“ஏன் வே பொய் எழுதுனீரு?”

“என்ன பொய்?”

“வடகரை யாவாரிக்குப் பணத்தக் கட்டச் சொல்லி உம்ம பேர்ல டிக்ரி ஆகி ஒரு வருஷமாச்சு. கடன் இருக்கது கூடப் பெருசில்ல வே. அதை மறைச்சா டில்லிக்காரன் என்ன நினைப்பான்? நாளைக்கு எவனாவது ரூவாயக் காட்டி, அந்தத் தந்தியில என்ன இருக்குன்னு கேட்டா இவன் சொல்லிருவான்னுதானே நினைப்பான்?”

அது என் அத்தான் வாங்கிய கடன், அவரையே கேட்டுப் பாருங்கள் என்றேன்.

“கேட்டாச்சு. ‘அவன் வாங்குன கடன், என்ன செலவழிச்சான்னு எனக்குத் தெரியாது’ன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்காரு. கோர்ட் சம்மன வாங்குனதும் அவருதான்.”

அங்கிருந்து நேராகக் குற்றாலத்துக்குப் பஸ் ஏறினேன். சாரல் தூறிக்கொண்டிருந்தது. கடையில் நல்ல கூட்டம். கல்லாவில் இருந்த அத்தான் என்னைப் பார்த்ததும், “வா மாப்ளே, சாப்பிடுதியா?” என்றார். ஏட்டு சொன்னதைச் சொன்னேன். அவர் சில்லறை கொடுப்பதை நிறுத்தவில்லை.

“உனக்குப் படிப்பு இருக்கு, இது போனா இன்னொரு வேலை. எனக்கு இந்தக் கடை போனா என்ன இருக்கு, சொல்லு?”

அக்காவுக்கு இது தெரிந்தால் அவரை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவாள் என்ற நினைப்பு ஒரு ஆறுதலாக இருந்தது. வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவே இல்லை.

“தெரியும்லே” என்றாள். “சம்மன் வந்த அன்னைக்கு அவுக என் கையிலதான் கொடுத்தாக. நான்தான் அடுப்புல போட்டேன்.”

“அக்கா!”

“உனக்குத் தெரிஞ்சா அவுகளப் பிடிச்சுக் கேப்ப. கடைய மூடிட்டா ரெண்டு பொம்பளப் பிள்ளைகள வச்சுக்கிட்டு நான் எங்கன போவேன்?”

அன்றைக்கே துணிமணியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அவள் வாசல்வரைகூட வரவில்லை.

பாவூர்சத்திரத்தில் ஒரு காய்கறிக் கமிஷன் கடையில் கணக்கு எழுதினேன். கடையின் பின்னாலேயே படுக்கை. மூன்று வருஷத்தில் வட்டியோடு முழுவதையும் கட்டினேன். டிக்ரி தீர்ந்துவிட்டது என்ற கோர்ட் நகலை வைத்து டில்லிக்கு விவரமாக எழுதினேன். அந்தத் தேர்வுப் பட்டியல் காலாவதியாகிவிட்டது என்று இரண்டு வரியில் பதில் வந்தது. மறுபடி விண்ணப்பிக்க வயதும் தாண்டியிருந்தது.

அதற்கு அடுத்த வருஷம் அக்காவின் மூத்த மகளுக்குக் கல்யாணம். தாய்மாமன் நான் ஒருவன்தான். அந்தப் பிள்ளை என்ன பாவம் செய்தது என்று போனேன். பட்டுப்புடவை கொடுத்தேன், மாலை போட்டேன். அத்தான் சபையில் என் தோளில் கை போட்டு, “எங்க மாப்ளைக்குத் தங்கமான மனசு” என்று சம்பந்தி வீட்டாரிடம் சொன்னார். நான் கையை விலக்கிவிட்டு வெளியே வந்தேன்.

அக்கா பின்னாலேயே ஓடி வந்து, “ஒரு வாய் சாப்பிட்டுப் போலே” என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. அத்தானை வெறுப்பது எனக்குச் சுலபமாக இருந்தது. அவளை என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. பசிக்கவில்லை என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன். நல்ல பசி.