ஐந்து பேர் குளிக்கிற வீடு

பஸ் திரும்பிப் போகிற இடத்தில் நின்று ரோலர்காரர் வீடு எது என்று கேட்டால் யாரும் கை காட்டிவிடுவார்கள். மண்பாதையில் பத்து நிமிடம் நடந்தால் கடைசியாக வருகிற வீடு அது. அதைத் தாண்டினால் தோட்டமும் மேடும்தான், மனுஷ வாடையே கிடையாது. முப்பத்திரண்டு வருஷம் நெடுஞ்சாலைத் துறையில் ரோடு ரோலர் ஓட்டி ஓய்வு பெற்றவர். இந்தப் பக்கம் உங்கள் கார் குலுங்காமல் போகிறதென்றால் அதில் பாதி அவர் உபயம். எல்லோரும் ரோலர்காரர் ரோலர்காரர் என்று கூப்பிட்டதில், சொந்தப் பெயரைச் சொல்ல அவருக்கே கொஞ்சம் யோசிக்க வேண்டியிருந்தது.

ஆளும் வண்டியைப் போலத்தான். கோபம்கூடக் காலையில் கிளம்பினால் சாயங்காலம்தான் வந்து சேரும். இன்ஜின் சத்தத்தில் காது மந்தமாகிவிட்டது. பேச்சா? அதை மட்டும் கேட்காதீர்கள். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்கிற ஜாதி. அவர் மனைவி முப்பத்தெட்டு வருஷமாகத் தலையில் அடித்துக்கொண்டாள். "சரியான கல்லுளிமங்கன்! சுவத்தோட குடும்பம் நடத்தியிருந்தா அதுவாவது எதிரொலிச்சிருக்கும்" என்பாள். அதற்கும் அவர் "ம்" என்பார்.

ஆனால் ஒரு வேலையில் அவரை யாரும் குறை சொல்ல முடியாது. அது வெந்நீர். அங்கே விடியற்காலைக் குளிர் எலும்புக்குள் இறங்கும். நாலரை மணிக்கு எழுந்து, கொல்லையில் இருக்கிற செம்புப் பாய்லரில் சுள்ளி போட்டு மூட்டுவார். சுள்ளி பிடித்ததும் பிளந்த விறகு. அவருக்கு அடுப்படியில் உப்பு எங்கே இருக்கிறது என்று தெரியாது, பிள்ளைகள் எந்த வகுப்பு என்றுகூடச் சந்தேகம்தான். ஆனால் யாருக்கு எத்தனை மணிக்குத் தண்ணீர் வேண்டும், எந்தச் சூட்டில் வேண்டும் என்பது அத்துப்படி. முதலில் ஆறரை பஸ்ஸைப் பிடிக்கிற மகன். பிறகு தலைமுடியை அலச ஒரு வாளி அதிகம் கேட்கிற பெரியவள். பிறகு, தூக்கிக்கொண்டு போய் விட்டாலொழியக் கண் திறக்காத சின்னவள். அப்புறம் மனைவி. பாய்லரில் மிச்சம் இருப்பது அவருக்கு.

ஒவ்வொருவர் அறை வாசலிலும் போய் நிற்பார். விரல் முட்டியால் கதவில் இரண்டு தட்டு. "தண்ணி காஞ்சிடுச்சு." அவ்வளவுதான். கண்ணே என்றோ ராஜா என்றோ ஒரு நாளும் சொன்னதில்லை. பரீட்சைக்குப் போகிற காலையிலும் அதேதான். பெரியவள் கல்யாணத்தன்று எல்லோரும் கட்டிப்பிடித்து அழுதபோது, இவர் கதவைத் தட்டி "தண்ணி காஞ்சிடுச்சு" என்று சொல்லிவிட்டுக் கொல்லைக்குப் போய்விட்டார். மகனை ஒருமுறை கை நீட்டி அடித்துவிட்டு, மறுநாள் காலை அந்த வாசலில் போய் நின்றார். சமாதானம் பேசத்தான் போனார். வந்தது அந்த ஒரே வார்த்தைதான். மகனும் எழுந்து போய்க் குளித்தான். வீடு புரிந்துகொண்டிருந்தது.

பிள்ளைகள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். அதில் அதிசயம் ஒன்றும் இல்லை, எல்லா வீட்டிலும் நடப்பதுதான். கடைசியில் வடக்கே தொலைவில் இருந்த சின்னவளுக்குப் பிரசவம் என்று மனைவியும் ஒரு பையோடு புறப்பட்டாள். "மூணே மாசம். வந்துடுவேன்" என்றாள். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து ஜன்னல் வழியாக இவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பஸ் புகையைக் கக்கிக்கொண்டு போனது. அது நடந்து இரண்டு வருஷமும் இரண்டு மாதமும் ஆகிறது.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு அவளிடமிருந்து ஃபோன் வரும். காது கேட்காததால் ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்துக்கொண்டு, அதன் முன்னால் கைகட்டி உட்காருவார்.

"சாப்ட்டீங்களா?"

"ம்."

"மாத்திரை?"

"ம்."

"அடுத்த மாசம் பாப்போம். இவளுக்கு லீவு இல்லேங்கறா."

"சரி."

எப்போது வருகிறாய் என்று அவர் ஒருநாளும் கேட்கவில்லை. கேட்டால் நெருக்குகிற மாதிரி இருக்குமே, பிள்ளை பார்க்கிற இடத்தில் அவளைத் தர்மசங்கடப்படுத்துவானேன் என்று நினைத்தார். உள்ளுக்குள் கிடந்து தவித்தார், அது வேறு விஷயம். சில நாள் ஃபோன் அணைந்த பிறகும் அதன் முன்னாலேயே அரைமணி உட்கார்ந்திருப்பார்.

போன மழைக்காலத்தில் விறகு பிளக்கும்போது மணிக்கட்டு முறிந்தது. தன் ஒருவனுக்கு ஒரு வாளித் தண்ணீர் போதும். ஆனாலும் மனுஷர் பாய்லர் நிறையத் தண்ணீர் ஊற்றி ஐந்து பேருக்கு ஆகிற விறகைத்தான் எரித்துக்கொண்டிருந்தார். கை கட்டோடு கிடக்கிற சேதி தெரிந்ததும் மகன் ஃபோனில் குதித்தான்.

"அப்பா, போதும் அந்தப் புகை! விறகுப் பாய்லரைக் குடுத்தா கவர்மென்ட்ல கரண்ட் கம்மியா இழுக்கற வெந்நீர் மெஷின் தர்றாங்களாம். நான் எழுதிப் போட்டுட்டேன். ஆள் வருவாங்க, பேசாம மாட்டிக்கோங்க."

பேசாமல் இருக்க அவருக்குச் சொல்லியா தர வேண்டும்!

ஆள் வந்தது வேனில். நாற்பது வயது மதிக்கத்தக்க பெண், இடுப்பில் ஸ்பேனர் பை, முழங்காலில் ஒட்டுப்போட்ட பேன்ட். ஃபிட்டரம்மா என்றுதான் சுற்றுவட்டாரத்தில் அவருக்குப் பெயர். வந்ததும் ஒரு ஃபாரத்தை எடுத்தார்.

"வீட்ல எத்தனை பேருங்கய்யா? அதுக்குத் தகுந்த டேங்க்தான் வரும்."

ரோலர்காரர் வாயைத் திறந்தார். ஒன்று என்பது சின்ன வார்த்தைதான். ஆனால் வந்தது வேறு.

"அஞ்சு."

ஃபிட்டரம்மா குளியலறைக்குள் எட்டிப் பார்த்தார். கொடியில் ஒரு துண்டு. கிண்ணத்தில் ஒரு பிரஷ். அப்படியும் ஐந்து என்று எழுதிக்கொண்டார். மறு வாரம் முந்நூறு லிட்டர் டேங்க் வந்து இறங்கியது, ஆள் உயரத்துக்கு மேலே. வெளியே சுவரோரம் ஃபேன் வைத்த ஒரு பெட்டி.

"இது காத்துல இருக்கற சூட்டை இழுத்துத் தண்ணிக்குக் குடுத்துடும். சாதா ஹீட்டர் மூணு பங்கு கரண்ட் குடிச்சா இது ஒரு பங்குதான் குடிக்கும்" என்று ஃபிட்டரம்மா விளக்கினார்.

ஒரு மணி நேரம் கழித்து ரோலர்காரர் டேங்கைத் தொட்டுப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார். "ஜில்லுன்னு இருக்கே. சூடே ஆகலையேம்மா."

"ஐயோ, உள்ள கொதிக்குதுங்கய்யா! சூடு வெளிய போகாம சுத்தி மெத்தை வெச்சிருக்கு. அதுதான் இதோட பெருமையே."

அந்த ஞாயிற்றுக்கிழமை மனைவியிடம் அவராகவே சொன்னார். இரண்டு வருஷத்தில் அவர் பேசிய நீளமான பேச்சு அதுதான். "மெஷின் வந்துடுச்சு. வெளிய தொட்டா ஜில்லுன்னு இருக்கு. உள்ள கொதிக்குதாம்."

"நல்ல ஜோடிதான் புடிச்சிருக்கீங்க" என்றாள் அவள். சிரித்தாளா என்று அவருக்குச் சரியாகக் கேட்கவில்லை.

பாய்லரை வேனில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அதற்குப் பிறகுதான் தனிமை என்றால் என்னவென்று அவருக்குத் தெரிந்தது. வழக்கம்போல நாலரைக்கு விழிப்பு வந்துவிடும். எழுந்து என்ன செய்வது? மூட்டப் பாய்லர் இல்லை, ஊத நெருப்பில்லை. குழாயைத் திருகினால் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் வருகிறது. முதல் நாலு நாள் பிடிவாதமாக ஐந்து வாளி பிடித்துக் குளியலறையில் வரிசையாக வைத்தார். ஒரு வாளியில் தான் குளித்தார். மீதி நாலும் ஆவி விட்டு விட்டு ஆறிப்போயின. ஐந்தாம் நாள் அவருக்கே வெட்கமாகிவிட்டது. பிறகு ஒரு வாளியோடு நிறுத்திக்கொண்டார்.

மூன்று மாதம் கழித்து ஒரு பிற்பகலில் ஃபிட்டரம்மாவின் வேன் வந்து நின்றது. கையில் செல்ஃபோன், அதில் ஏதோ கோடுகள்.

"ஐயா, எவ்வளவு வெந்நீர் செலவாகுதுன்னு மெஷினே ஆபீசுக்குச் சொல்லிடும். உங்களுது ஒரு நாளைக்கு ஒரு வாளி. அஞ்சு பேர் குளிக்கிற வீடாங்க இது?"

அவர் தூணைப் பார்த்தார்.

"முத நாலு நாள் மட்டும் அஞ்சு வாளி காட்டுது. யாரு வந்திருந்தாங்க?"

"சொந்தக்காரங்க."

ஃபிட்டரம்மா பெருமூச்சு விட்டார். அதட்ட வந்தவர்தான், ஆனால் குரல் தானாக இறங்கிவிட்டது. "தப்பா நெனச்சுக்காதீங்கய்யா. யாரும் குளிக்காத தண்ணியை இது சும்மா காய்ச்சிட்டே இருக்கு. பக்கத்து ஊர்ல ஒரு வீட்டுல ஏழு பேரு, இன்னும் விறகு ஊதிட்டு இருக்காங்க. இந்த டேங்கை அங்க மாத்தணும். உங்களுக்குச் சின்னது தருவாங்க. அதுல ரெண்டு சைஸ் இருக்கு. ஒருத்தருக்குள்ளது, ரெண்டு பேருக்குள்ளது. இந்தத் தடவை சரியாச் சொல்லிடுங்க. ஒண்ணா, ரெண்டா?"

பிள்ளைகள் மூவரும் அவர் மனதிலிருந்து அமைதியாகத்தான் இறங்கிப் போனார்கள். அவர்களுக்கென்று வீடு இருக்கிறது, குழாய் இருக்கிறது. ஆனால் இந்த இரண்டை ஒன்றாக்க அவருக்குக் கை வரவில்லை. ஒன்று என்று எழுதினால் அவள் வரமாட்டாள் என்று அவரே கையெழுத்துப் போட்ட மாதிரி. இரண்டு என்று எழுத, அவள் வருவாளா என்று அவருக்கே தெரியாதே!

"இரும்மா" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை இல்லை. புதன்கிழமை, மணி மூன்று. தட்டுத் தடுமாறி எண்ணை அழுத்தினார். வழக்கம்போல ஸ்பீக்கரில் போட்டார்.

"என்னங்க? என்ன ஆச்சு? உடம்புக்கு என்ன?" அவள் பதறிவிட்டாள். அவர் தானாக ஃபோன் செய்ததே இல்லையே, பதறாமல் என்ன செய்வாள்.

"ஒண்ணுமில்ல. டேங்கு மாத்த வந்திருக்காங்க. எத்தனை பேர்னு கேக்கறாங்க." ஃபோனைக் கிட்ட இழுத்துக்கொண்டார். "ஒண்ணுன்னு எழுதவா, ரெண்டுன்னு எழுதவா?"

ஃபிட்டரம்மா திரும்பிக்கொண்டு, ஏற்கெனவே இறுகியிருந்த ஒரு நட்டை இறுக்கத் தொடங்கினார்.

"ரெண்டு வருஷமா வாரா வாரம் நான்தான் ஃபோன் பண்றேன்" என்றாள் அவள். குரல் உடைந்திருந்தது. "எப்ப வர்றேன்னு ஒரு தடவை கேட்டிருப்பீங்களா? ஒரே ஒரு தடவை? இன்னிக்கு ஃபாரத்துக்காகக் கேக்கறீங்க."

"நீ அங்க புள்ளையப் பாத்துட்டு..."

"புள்ளை காலைல ப்ளே ஸ்கூலுக்குப் போனா மூணரைக்குத்தான் வருது. நான் பதினோராவது மாடில ஜன்னலப் பாத்துட்டு உக்காந்திருக்கேன். நான் இல்லாம உங்களுக்குச் சௌக்கியமாத்தான் இருக்கு போலன்னு நெனச்சுக்கிட்டேன். கூப்பிடாத வீட்டுக்கு நானா எப்படிங்க வர்றது?"

வா என்று சொல்ல வேண்டும். ஓரெழுத்துதான். ரோலர் ஓட்டிய மனுஷன், மலையைச் சரித்துச் சாலை போட்ட இடத்திலெல்லாம் வேலை செய்தவன், அந்த ஓரெழுத்தை நகர்த்த முடியாமல் நின்றார். கண் கலங்கிவிட்டது. "வெச்சுடறேன்" என்றாள் அவள்.

அவர் ஃபோனைத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று நடந்தார். அவர் அப்படி வேகமாக நடந்து யாரும் பார்த்ததில்லை. படுக்கையறை வாசலில் போய் நின்றார். உள்ளே விரித்த கட்டில் அப்படியே கிடந்தது. ஃபோனைக் கதவோடு சேர்த்துப் பிடித்து, முறிந்து ஒட்டிய மணிக்கட்டு வலிக்க வலிக்க விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டினார்.

"தண்ணி காஞ்சிடுச்சு" என்றார்.

அந்தப் பக்கம் அவள் அழுதது அவருக்குக் கேட்கவில்லை. கொல்லையில் நின்ற ஃபிட்டரம்மாவுக்குக் கேட்டது.

மூக்கை உறிஞ்சிக்கொண்டு அவள் கேட்டாள். "நான் அங்க வந்து சேர ஒண்ணரை நாள் ஆகும். அதுக்குள்ள ஆறிப் போயிடாதா?"

பாய்லர் தண்ணீர் ஒரு மணி நேரத்தில் ஆறிவிடும். அவர் கொல்லைப் பக்கம் திரும்பிக் கத்தினார். "ஏம்மா! இந்தத் தண்ணி எவ்வளவு நேரம் சூடு தாங்கும்?"

"கரண்ட் இருந்தா ஆறவே ஆறாதுங்கய்யா. கரண்ட் போனாலும் ரெண்டு நாள் தாங்கும்!" என்று பதில் வந்தது. கேட்காமலேயே ஃபிட்டரம்மா ஃபாரத்தை எடுத்து இரண்டு என்று எழுதினார்.

"ரெண்டு நாள் தாங்குமாம்" என்றார் ரோலர்காரர் ஃபோனில். கொஞ்சம் யோசித்தார். "நீ அதுக்குள்ள வந்துடுவ."