உறை எண்ணெய்

ராஜாம்பாளுக்குப் புருஷன் செத்து வருஷம் திரும்பப் போகிறது. ஆனால் ரெட்டியார்பாளையத்தில், விழுப்புரம் சாலையிலிருந்து உள்ளே போகும் சந்தில் அவள் போடும் வடையைக் கடித்துப் பார்த்தவர்கள் யாரும் இராமதாஸ் செத்துவிட்டார் என்று நம்பமாட்டார்கள். அதே முறுகல், அதே வாசனை, அதே நிறம்.

"அவனே நின்னு போட்ட மாதிரி இருக்கு ராஜாம்மா" என்பார் அந்தோணி. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து பென்ஷன் வாங்குகிறவர். தெருவில் அவருக்கு 'சொல்தா' என்றுதான் பெயர். அவர் அப்படிச் சொல்லும்போதெல்லாம் ராஜாம்பாளுக்கு மனசு குளிரும். கூடவே முதுகிலும் எதுவோ ஊர்ந்த மாதிரி இருக்கும்.

ரகசியம் எண்ணெயில் இருந்தது. இராமதாஸ் கடை போடுவதற்கு முன்னால் டவுனில் ஒரு பெரிய ஓட்டலில் வடை மாஸ்டர். காலையில் பூரி பொரித்த எண்ணெயில் மத்தியானம் அப்பளம், சாயங்காலம் போண்டா, மறுநாளும் அதே எண்ணெய் என்று ஓடிய அடுப்பு அது. சாப்பிட வருகிறவர்கள் மேஜை துடைத்திருக்கிறதா என்று பார்ப்பார்கள், சட்டியை யார் பார்த்தார்கள்? புது எண்ணெயில் வடை வெளுத்துப் போகும், பழசு கொஞ்சம் சேர்ந்தால்தான் நிறம் பிடிக்கும் என்பதை அங்கேதான் அவர் கற்றுக்கொண்டார். வேலையை விட்டு நின்ற அன்றைக்கு ஓட்டல் சட்டியிலிருந்து ஒரு தூக்கு எண்ணெயையும் மறக்காமல் கொண்டுவந்தார். பாலில் உறைமோர் விடுவதுபோல அதைத் தன் கடையின் புது எண்ணெயில் விட்டார்.

"எண்ணெய்க்கும் உறை இருக்குடி. இது நம்ம உறை எண்ணெய்" என்றார்.

அன்று முதல் அந்தச் சட்டி காலியானதே இல்லை. குறையக் குறைய பாமாயில் பாக்கெட்டை வெட்டி ஊற்றுவார். ஒட்டக் காலி செய்தால் கைராசி போய்விடும் என்பது அவர் கட்சி. இன்னொரு வழக்கமும் அவருக்கு உண்டு. தினமும் முதல் வடையை அவரே தின்று பார்ப்பார். நின்றபடி, இடது கையால் நெஞ்சைத் தடவிக்கொண்டு தின்பார். ருசித்துத் தடவுகிறார் என்றே ராஜாம்பாள் நினைத்திருந்தாள். பாவி மனுஷன் வலியைத் தடவியிருக்கிறார். பாதி வடையைக் கையில் பிடித்தபடி அடுப்படியில் சரிந்தபோதுதான் அது தெரிந்தது.

பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா ஒரு படத்தைக் காட்டினார். "ரத்தக் குழாய்க்குள்ள எப்படி அப்பியிருக்கு பாருங்க. இது ஒண்ணுதான் காரணம்னு கைகாட்ட முடியாதும்மா. பீடி, சுகர் எல்லாம் சேர்ந்துதான் வரும். ஆனா காய்ச்சின எண்ணெயவே திரும்பத் திரும்பக் காய்ச்சினா அது கெட்டுப்போவும். அதத் தெனமும் தின்னா நெஞ்சுக்கு ஆகாது. நீங்க என்ன எண்ணெய் ஊத்துறீங்க?"

"தெனம் புது பாக்கெட்டுதாங்க" என்றாள் ராஜாம்பாள். அது பொய்யும் இல்லை. அன்றைக்கே அவர் போய்விட்டார்.

காரியம் முடிந்து கடையைத் திறந்தபோது சட்டியில் எண்ணெய் அப்படியே இருந்தது. அதைக் கொட்டியிருக்கலாம். அவளால் முடியவில்லை. வீட்டில் அவருடைய சட்டையை எடுத்து மோந்தால் சோப்பு வாசனைதான் வந்தது. அவர் வாசனை அந்தச் சட்டியில் மட்டும்தான் மிச்சமிருந்தது. பழைய எண்ணெய் வாங்க நீலக் கேனோடு கடை கடையாக ஏறி இறங்கும் அருள்முருகன் வந்து கேட்டான். வாங்கும் எண்ணெயை வண்டி ஓடும் டீசலாக்க அனுப்புகிற கம்பெனியில் அவனுக்கு வேலை.

"எங்க கடையில பழைய எண்ணெயே கெடையாது தம்பி" என்றாள்.

அவன் சட்டியை எட்டிப் பார்த்தான். அதற்குள் இருந்த கறுப்பைப் பார்த்துவிட்டு, கேனைத் தூக்கிக்கொண்டு போனான்.

மூடியைத் திறக்கும்போது நடப்பதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. எண்ணெய் காய்ந்துவிட்டதா என்று பார்க்க இராமதாஸ் ஒரு துளி மாவைக் கிள்ளிப் போடுவார். மேலே வந்தால் பதம். சாயங்காலம் கடை எடுத்துவைக்கும்போது ராஜாம்பாள் எண்ணெயைத் துணியில் வடிகட்டி மூடி வைப்பாள். காலையில் அடுப்பு பற்றவைக்கும் முன்பு மூடியைத் தூக்கினால், ஆறிக் கிடக்கும் எண்ணெயின் நடுவில் பொரிந்த மாவுத்துளி ஒன்று மிதக்கும். வடிகட்டியதில் தப்பியது என்று முதலில் நினைத்தாள். இரட்டைத் துணி கட்டி வடித்தாள். அப்போதும் மிதந்தது. பிறகு வடிகட்டிப் பார்ப்பதை விட்டுவிட்டாள். அதைப் பார்த்தால்தான் அவளுக்கு வேலையே ஓடியது என்பதுதான் நிஜம்.

அவளைக் கலக்கியது வேறு. மகன் கமலக்கண்ணன் கம்பெனி வேலையை விட்டுவிட்டு அம்மாவுக்கு ஒத்தாசையாகக் கடைக்கு வந்திருந்தான். வடையைக் கண்டாலே முகத்தைச் சுளிக்கிற பிள்ளை. வந்த சில நாளிலேயே யாரும் சொல்லாமல் முதல் வடையை எடுத்துத் தின்ன ஆரம்பித்தான். அப்பனைப் போலவே நின்றுகொண்டு தின்றான். அப்பனைப் போலவே இருமினான். குளித்துவிட்டு வந்து நின்றாலும் அவன்மேல் காறின எண்ணெய் வாடை அடித்தது. ஒரு நாள் அவன் இடது கை தானாக நெஞ்சுக்குப் போய்த் தடவியதைப் பார்த்ததும் அவள் கையிலிருந்த கரண்டி எண்ணெய்க்குள் விழுந்தது.

"என்னடா பண்ணுது?"

"ஒண்ணும் பண்ணலம்மா. சும்மா."

பிடித்து இழுத்துக்கொண்டு போய் ரத்தம் பார்த்ததில் கொழுப்பு எக்கச்சக்கம். இந்த வயசில் இவ்வளவு ஆகாது, மாத்திரையோடு வாயையும் கட்டு என்று டாக்டரம்மா சத்தம் போட்டார். மாத்திரையை விழுங்கிவிட்டு முதல் வடையையும் தின்றான் பிள்ளை. "நீ திங்காதடா" என்று ராஜாம்பாள் தட்டைப் பிடுங்குவாள். "அப்பா கைருசிம்மா" என்பான். தட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுவாள். புருஷனைக் கொட்டவும் மனசில்லை, பிள்ளையைக் கொடுக்கவும் மனசில்லை. இப்படியே நாள் ஓடியது.

தலை திவசம் வந்தது. நாத்தனார் கமலா ஊரிலிருந்து வந்து கூடமாட வேலை செய்தாள். படையலுக்கு வடை வேண்டுமே, அதைக் கடைச்சட்டியிலேயே போட்டாள் ராஜாம்பாள். அவருடைய எண்ணெயில் போட்டதுதானே அவருக்குப் பிடிக்கும்! மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் இலை போட்டு, சோறும் குழம்பும் வடையும் வைத்து, கமலக்கண்ணன் "கா... கா..." என்று கூப்பிட்டான்.

காக்கைக்கு என்ன பஞ்சம்? பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியிலும் கரண்டுக் கம்பியிலும் வரிசையாக வந்து உட்கார்ந்தன. ஒன்றும் இறங்கவில்லை, ஒன்றும் கத்தவில்லை. இலையையே பார்த்துக்கொண்டிருந்தன. காக்கை தொடாமல் வீட்டில் யாரும் பச்சைத் தண்ணீர் குடிக்கக் கூடாது. வெயில் உச்சிக்கு ஏறியது. கமலக்கண்ணனுக்கு வேர்த்துக் கொட்டியது.

"அண்ணனுக்கு மனசுல என்னமோ குறை இருக்கு அண்ணி" என்றாள் கமலா. "என்னா வேணும்னு கேளு. செய்றேன்னு வாய் திறந்து சொல்லு. எங்க அப்பாவுக்கு இப்படித்தான், கெணத்தத் தூர் வாருறேன்னு சொன்னதும் வந்து எடுத்துச்சு."

ராஜாம்பாள் கைகூப்பினாள். "ஏங்க, தை பொறந்ததும் கண்ணனுக்குப் பொண்ணு பாத்துடுறேங்க."

ஒரு காக்கையும் அசையவில்லை.

"ஒங்க தங்கச்சிக்குச் சீர் குறையாம செய்றேங்க."

அதற்கும் அசைவில்லை. அவருக்கு உயிரான ஒன்றைச் சொல்லிவிடுவது என்று தீர்மானித்தாள். "ஒங்க சட்டிய ஒரு நாளும் காலி பண்ணமாட்டேங்க. அந்த உறை எண்ணெய கண்ணன் கையில குடுத்துடுறேன். அவன் பாத்துப்பான்."

சொல்லி முடித்த கணமே அத்தனை காக்கையும் ஒரே சமயத்தில் எழும்பிப் பறந்தன. கம்பி காலியாக ஆடியது. கமலா வாயைப் பொத்திக்கொண்டாள்.

கமலக்கண்ணன் சுவரோரமாக மெல்ல உட்கார்ந்தான். இடது கை நெஞ்சில் இருந்தது. "தல சுத்துதும்மா. ஒரே ஒரு வடய எடுத்துக்கட்டுமா? அப்பா ஒண்ணும் நெனைக்கமாட்டாரு" என்று இலைப் பக்கம் கையை நீட்டினான்.

எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. கழுத்து மயிர் உதிர்ந்த கிழட்டுக் காக்கை ஒன்று அவன் விரலுக்கும் இலைக்கும் நடுவில் வந்து இறங்கியது. சோற்றைத் தொடவில்லை. ஒரு வடையைக் கவ்வியது. சுவர் விளிம்புக்கு நடந்துபோய்க் கீழே சாக்கடையில் போட்டது. திரும்பி வந்தது. அடுத்த வடையையும் கொண்டுபோய்ப் போட்டது. பறக்கவேயில்லை. வேலை செய்கிற ஆள்போல நடந்து நடந்து இலையிலிருந்த வடை முழுவதையும் கொண்டுபோய்ப் போட்டது. பிறகு கமலக்கண்ணன் முன்னால் நின்று, தலையைச் சாய்த்து, ராஜாம்பாளைப் பார்த்தது. கடைக் கணக்கை அவள் தப்பாகச் சொன்னால் இராமதாஸ் அப்படித்தான் பார்ப்பார்.

ராஜாம்பாள் மகனை இழுத்துத் தன்னோடு அணைத்துக்கொண்டாள். "கொட்டிடுறேங்க" என்றாள். "இன்னிக்கே கொட்டிடுறேன். எம் புள்ளைய விட்டுடுங்க."

காக்கை இலைக்குத் திரும்பிச் சோற்றைக் கொத்தியது.

மகனுக்கு ரெண்டு வாய் ஊட்டி, கமலாவோடு ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டுக் கடைக்குப் போனாள். அருள்முருகனுக்குப் போன் போட்டாள். அவன் வந்து கேனைப் பிடித்தான். எண்ணெய் தார் மாதிரி இழுத்துக்கொண்டு இறங்கியது. பாதியிலேயே அவள் கை நின்றுவிட்டது. "அக்கா, நான் ஊத்தட்டுமா?" என்றான் அவன். வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு அவளே கடைசிச் சொட்டு வரை சாய்த்தாள்.

சட்டியின் அடியில் பல வருஷத்துக் கறுப்பு அடை அடையாக அப்பியிருந்தது. டாக்டரம்மா காட்டிய படத்தில் பார்த்தது அதைத்தான். அடைக்கு நடுவே பொடிப்பொடியாக மாவுத்துளிகள் ஒட்டிக் கருகிக் கிடந்தன. வெந்நீர் ஊற்றி இரும்புச் சட்டுவத்தால் சுரண்டினாள். சுரண்டச் சுரண்ட வந்துகொண்டே இருந்தது. அதற்குள் கமலாவின் போன் வந்தது. சமயத்தில் கொண்டுவந்துவிட்டீர்கள், ரெண்டு நாள் வைத்திருந்து பார்க்கிறோம் என்று டாக்டரம்மா சொன்னாராம். ராஜாம்பாள் போனை வைத்துவிட்டு மறுபடி சுரண்டினாள். அடியில் இரும்பு தெரிகிற வரைக்கும் விடவில்லை.

கமலக்கண்ணன் வீடு திரும்பி, மாத்திரையும் நடையுமாக இருக்க ஆரம்பித்த பிறகுதான் கடையைத் திறந்தாள். முதல் நாள் போட்ட வடை வெளுத்துத்தான் போனது. அன்று சாயங்காலம் மிஞ்சிய எண்ணெயை அருள்முருகன் கேனில் ஊற்றிவிட்டு, சட்டியைத் துலக்கிப் புது எண்ணெய் விட்டு மூடி வைத்தாள்.

மறுநாள் காலையில் மூடியைத் தூக்கினாள். எண்ணெய் தெளிவாக இருந்தது. அடியில் அவள் முகம் தெரிந்தது. நடுவில் ஒன்றும் மிதக்கவில்லை. கையால் ஓரம் ஓரமாக ஒதுக்கித் தேடிக்கூடப் பார்த்தாள். இல்லை. அடுப்பைப் பற்றவைத்து, ஒரு துளி மாவை அவளே கிள்ளிப் போட்டாள். அது அடிக்குப் போய், கொஞ்ச நேரம் கழித்து, வெள்ளையாக மேலே வந்தது. ஒரு வருஷமாக வராத அழுகை அப்போது வந்தது.

"என்ன ராஜாம்மா, கண்ணு கலங்குது?" என்றார் பெஞ்சில் வந்து உட்கார்ந்த சொல்தா.

"எண்ணெய்ப் பொக ஐயா" என்றாள்.

அவர் சட்டியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "பொகையே இல்லியேம்மா" என்றார்.