சலவைக் குறியும் தலைச்சாயமும்

முப்பத்தெட்டு வயதில் என் தலை முக்கால்வாசி நரைத்துவிட்டது. அதை நான் பெரிதாக நினைத்ததில்லை. கல்கத்தாவில் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்தேன். தலைநகரம் டில்லிக்குப் போன மறு வருஷம் எங்கள் ஆபீசுக்குப் புதிதாக ஒரு துரை வந்தார். வந்த வாரமே என்னைப் பார்த்து, "உனக்கு ஓய்வு பெற இன்னும் எத்தனை வருஷம் இருக்கிறது?" என்று கேட்டார். சாதாரணமாகத்தான் கேட்டார். பக்கத்து மேஜைக்காரர்கள் சிரித்தார்கள்.

சௌரங்கியில் இங்கிலீஷ் மருந்துக்கடை ஒன்றில் தலைச்சாயம் விற்றார்கள். ஒரு பெட்டிக்குள் இரண்டு புட்டிகள், ஒரு சின்ன பிரஷ். இரண்டு புட்டித் தண்ணீரையும் கலந்து தடவி, அரைமணி நேரம் வைத்திருந்து கழுவினால் முடி கறுத்துவிடும். ஞாயிற்றுக்கிழமை என் மனைவி அடுத்த வீட்டு அம்மாவோடு காளிகாட் கோயிலுக்குப் போயிருந்தபோது தடவிக்கொண்டேன். திரும்பி வந்தவளிடம், ஆபீசில் ஒருவர் கவிராஜர் என்னும் நாட்டு வைத்தியரிடமிருந்து எண்ணெய் வாங்கிக் கொடுத்தார் என்று சொன்னேன்.

"நல்ல எண்ணெயா இருக்குதே. எங்க அண்ணனுக்கும் ஒரு புட்டி வாங்கி அனுப்பலாங்க" என்றாள்.

கட்டிய மனைவியிடம் இதற்குப் போய் ஏன் பொய் சொன்னேன் என்று எத்தனையோ முறை யோசித்திருக்கிறேன். வெட்கம் என்பதைத் தவிர வேறு பதில் இல்லை.

முதல் இரண்டு முறை ஒன்றும் ஆகவில்லை. மூன்றாம் மாதம் தடவிய மறுநாள் பிடரியில் அரிப்பு எடுத்தது. இரண்டு நாளில் கழுத்தைச் சுற்றியும் காதுகளுக்குப் பின்னாலும் சிவந்து தடித்து, நீர் கோத்த சின்னச் சின்னக் கொப்புளங்களாகிவிட்டது. சட்டைக் காலர் பட்டால் உயிர் போயிற்று.

என் மனைவி சட்டையைக் கழற்றச் சொல்லிக் காலரைத் திருப்பிப் பார்த்தாள். உள்பக்கம் சலவைக் குறி, கறுப்பாக மூன்று புள்ளியும் ஒரு கோடும். தோபிகள் சேங்கொட்டைச் சாற்றை ஊசியால் தொட்டு வைக்கும் குறி.

"சேங்கொட்டைங்க இது! எங்க ஊர்ல ஒருத்தருக்கு இது பட்டு முதுகு முழுக்கப் பொத்துப்போச்சு. அந்தப் பாவி பச்சைச் சாறா வச்சிருக்கான்."

எனக்கு உடனே சாயத்தின் ஞாபகம் வந்தது. வந்ததை உள்ளேயே அமுக்கிக்கொண்டேன். சேங்கொட்டையாக இருந்துவிட்டால் நல்லது என்று தோன்றிற்று.

எங்கள் தோபி பீகாரில் ஆரா ஜில்லாக்காரர். பவானிப்பூரில் எங்கள் சந்தில் இருந்த ஐந்து தமிழ்க் குடும்பங்களுக்கும் பத்து வருஷமாக அவர்தான் வெளுத்தார். ஒரு கிழட்டு எருதின் முதுகில் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு திங்கட்கிழமைதோறும் வருவார். அந்தத் திங்கட்கிழமை மூட்டையை இறக்குவதற்குள் என் மனைவி வாசலுக்கு வந்துவிட்டாள். அவளுக்குத் தெரிந்த இந்தியிலும் அவருக்குத் தெரியாத தமிழ் வசவுகளிலுமாக அரைமணி நேரம் பேசினாள். அடுத்த வீட்டுக்காரர்கள் வெளியே வந்து நின்றார்கள்.

அவர் என் கழுத்தைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

"மாஜி, பத்து வருஷமா இதே குறிதான் வைக்கிறேன். வச்சு, காய்ஞ்சு, மூணு தண்ணி அலசித்தான் கொண்டாறேன். யாருக்கும் ஒண்ணும் ஆனதில்லை" என்றார்.

"அப்ப எங்க வீட்டுக்காரர் பொய் சொல்றாரா?" என்று கேட்டுவிட்டு அவள் என் பக்கம் திரும்பினாள். "நீங்களே சொல்லுங்க."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் சொன்னது ஒரே வாக்கியம்: "இனிமேல் வர வேண்டாம்."

அவர் எங்கள் துணிகளை எண்ணிப் படியில் அடுக்கிவிட்டு எருதை ஓட்டிக்கொண்டு போனார். அந்த வாரத்துக்குள் மற்ற நான்கு வீடுகளிலும் அவரை நிறுத்திவிட்டார்கள். குழந்தைகள் இருக்கிற வீடு, எதற்கு வம்பு என்றார்கள்.

பதினைந்து நாளில் கொப்புளங்கள் வற்றின. "பாத்தீங்களா?" என்றாள் என் மனைவி. நானும் அதையே நம்பினேன். நம்புவது சுலபமாக இருந்தது. புதிதாக வந்த தோபி சிவப்பு நூலால் குறி தைத்தான். அடுத்த மாதம், முடியின் வேரில் வெள்ளை தெரிய ஆரம்பித்ததும், பெட்டியை மறுபடி எடுத்தேன்.

மறுநாள் காலை கண்ணைத் திறக்க முடியவில்லை. நெற்றியும் இமைகளும் வீங்கி முகமே வேறு யாருடையதோ போல ஆகிவிட்டது. என் மனைவி தண்ணீர்ச் செம்போடு வந்தவள் அப்படியே நின்றாள். பிறகு, "பெரிய வியாதியா இருக்குமோ?" என்று கேட்டாள். குஷ்டம் என்ற வார்த்தையைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. அன்று முதல் பிள்ளைகளை என் பக்கத்தில் விடவில்லை. எனக்குத் தட்டும் தம்ளரும் தனியாக வைத்தாள். வைக்கும்போது அழுதாள்.

தர்மதலாவில் ஒரு வங்காளி டாக்டர் இருந்தார். சீமையில் தோல் வியாதிகளைப் பற்றிப் படித்துவிட்டு வந்தவர். வீக்கம் கொஞ்சம் தணிந்ததும் இருவரும் போனோம். ஊசியால் அங்கங்கே குத்தி உணர்ச்சி இருக்கிறதா என்று பார்த்தார். "பெரிய வியாதி இல்லை, பௌதி. பயப்படாதீங்க" என்று என் மனைவியை அண்ணி முறை வைத்து அழைத்து வங்காளத்தில் சொன்னார். பிறகு என்னிடம், "தலைக்கு என்ன போடுகிறீர்கள்?" என்றார்.

"எண்ணெய்" என்றேன்.

என் மனைவி தோபியின் கதையைச் சொன்னாள். டாக்டர் பழைய சட்டை ஒன்றைக் கொண்டுவரச் சொன்னார். மறுநாள் கொண்டுபோனதும், குறி இருந்த இடத்தைக் கத்தரித்து, நனைத்து, என் இடது முன்கையில் வைத்துக் கட்டினார். சற்றுத் தள்ளிக் குறியில்லாத வெறும் துணியையும் அதேபோல் கட்டினார். இரண்டு நாள் நனைக்கக்கூடாது, அவிழ்க்கக்கூடாது என்றார்.

அந்த இரண்டு நாளும் அந்தக் கட்டுக்குக் கீழே அரிப்பு எடுக்க வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டிருந்தேன். எடுக்கவில்லை.

மூன்றாம் நாள் தனியாகப் போனேன். டாக்டர் கட்டை அவிழ்த்தார். குறி இருந்த இடமும் வெறும் துணி இருந்த இடமும் ஒன்றுபோல் சுத்தமாக இருந்தன.

"உங்கள் தோபிமேல் குற்றமில்லை. இப்போது பௌதி கூட இல்லை. சொல்லாமல் வைத்திருப்பதைச் சொல்லுங்கள்."

மறுநாள் சாயப் பெட்டியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் சிரிக்கவில்லை. கலவையில் ஒரு சொட்டைப் பஞ்சுத் துணியில் விட்டு வலது கையில் வைத்துக் கட்டினார். அன்று சாயங்காலம் டிராமில் வரும்போதே அந்த இடம் நமநமவென்றது. இரண்டாம் நாள் பிரித்தபோது, துணி எவ்வளவு இருந்ததோ அதே அளவுக்குச் சதுரமாகச் சிவந்து, மேலே கொப்புளம் கட்டியிருந்தது.

"எல்லாருக்கும் இப்படி ஆவதில்லை. உங்கள் உடம்பு முதல் இரண்டு தடவை பொறுத்தது. இனிப் பொறுக்காது. ஒரு சொட்டுக்கூடத் தொடாதீர்கள்" என்றார்.

வீட்டுக்கு வந்து கையை நீட்டிக் காண்பித்து, எல்லாவற்றையும் என் மனைவியிடம் சொன்னேன். சாயத்தை மறைத்ததற்குக் கோபித்துக்கொள்வாள் என்று எதிர்பார்த்தேன். அவள் அதைப் பற்றிப் பேசவேயில்லை.

"அந்த மனுசனை நான் என்னென்ன பேசினேன். நீங்க பக்கத்துல நின்னு கேட்டுக்கிட்டுத்தானே இருந்தீங்க?" என்றாள். பிறகு, "போய்க் கூட்டிக்கிட்டு வாங்க" என்றாள்.

ஆதி கங்கைப் படித்துறையில் மற்ற தோபிகளிடம் விசாரித்தேன். வாடிக்கை வீடுகள் போனதும் எருதை விற்றுவிட்டு, கார்டன் ரீச் பக்கம் ஒரு சணல் மில்லில் சேர்ந்துவிட்டதாகச் சொன்னார்கள். அடுத்த சனிக்கிழமை ஆபீஸ் அரை நாள். கிதிர்ப்பூர் வரை டிராமில் போய், அங்கிருந்து நடந்தேன்.

மில் வாசலில் மத்தியானச் சாப்பாட்டு நேரம். சுவரோரம் உட்கார்ந்து சத்துமாவு பிசைந்து தின்றுகொண்டிருந்தார். புருவமெல்லாம் சணல் தூசி. என்னைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். என் வலது கையைக் காண்பித்தேன். டாக்டர் சொன்னதைச் சொன்னேன். அவருக்கு ஆச்சரியமாக இருந்ததாகத் தெரியவில்லை.

"தெரியும், பாபு" என்றார்.

"எப்படி?"

"உங்க தலையணை உறையை நான்தானே வெளுத்தேன்? எண்ணெய்க் கறை சோடாவில போயிடும். இது போகலை. சாஹிப் வீட்டுத் துணியிலயும் இந்தக் கறை பாத்திருக்கேன். மயிர்ச் சாயம்."

"அன்றைக்கே சொல்லியிருக்கலாமே?"

"மாஜி நின்னாங்க. அக்கம்பக்கத்து பாபுங்க எல்லாம் நின்னாங்க. அவங்க முன்னாடி எப்படிச் சொல்றது? நீங்களே சொல்வீங்கன்னு இருந்தேன்."

திரும்பி வந்துவிடும்படி கெஞ்சினேன். மற்ற வீடுகளிலும் நானே சொல்கிறேன் என்றேன். எருது இல்லாமல் எப்படி வருவது, பாபு என்று கேட்டார். அதற்குள் சங்கு ஊதிவிட்டது. மீதி மாவை அவசரமாக வாயில் போட்டுக்கொண்டு, தலையில் துணியைச் சுற்றிக்கொண்டே உள்ளே போனார். இருமிக்கொண்டு போனார்.

நான்கு வீடுகளுக்கும் போய்ச் சொன்னேன். சாயம் என்று வாயால் சொன்னேன். ஒருவர் சிரித்தார், மற்றவர்கள் சங்கடப்பட்டார்கள். புதுத் தோபி நன்றாகத்தான் வெளுக்கிறான், பார்க்கலாம் என்றார்கள். ஒருவரும் பார்க்கவில்லை.

பூஜை விடுமுறையில் மறுபடி மில்லுக்குப் போனேன். ஜுரம் கண்டு நெடுநாளாக வேலைக்கு வரவில்லை, ஊருக்குப் போய்விட்டார் என்றார்கள். எந்த ஊர் என்று கேட்டேன். ஆரா பக்கம் என்பதற்கு மேல் யாருக்கும் தெரியவில்லை. பத்து வருஷம் என் வீட்டுத் துணியை வெளுத்தவர். அவருடைய ஊர்ப் பெயரை நானும் கேட்டு வைத்திருக்கவில்லை.